இரும்பு மாத்திரையும் எலுமிச்சைத் தண்ணீரும்

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நாட்கள். கொட்டாரம் ஊரில் நானும் என் கணவரின் அண்ணன் மனைவியும் ஒரே வருஷத்தில் பிள்ளை பெற்றோம். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் ரத்தம் குறைந்து, கிணற்றில் ஒரு வாளி இறைத்தாலே மூச்சு வாங்கியது. நாகர்கோவில் லேடி டாக்டர் இருவருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்தார். எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்ததால் கால்சியம் மாத்திரையும் தந்தார்.

மறந்துவிடக் கூடாதென்று நான் இரண்டையும் காலையில் பாலோடு சேர்த்து விழுங்கினேன். அக்காவுக்குப் பால் ஆகாது. இரும்பு மாத்திரை போட்டால் துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல் இருக்கிறதென்று எலுமிச்சை பிழிந்த தண்ணீரைக் குடித்துக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் அவள் முகம் தெளிந்தது. நான் வெளிறியே இருந்தேன். என் உடம்புவாகு அப்படி என்றார் மாமியார். எனக்கு அது ஒப்பவில்லை. இருவரும் ஒரே உலைச் சோறுதானே தின்றோம்?

"ஏட்டி, மாத்திரையும் ஒண்ணுதானே? எனக்கு மட்டும் எப்படிப் பிடிச்சுது?" என்று அக்காவும் கேட்டாள்.

"பாலுதான் கெடுக்குதோன்னு தோணுதுக்கா."

மறுநாளே மாற்றினேன். காலையில் எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பு. கால்சியமும் பாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. மெல்ல மெல்ல மூச்சிரைப்பு குறைந்தது. ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மச்சுப்படி ஏறிவிட்டு, அப்புறம்தான் மூச்சு வாங்காததைக் கவனித்தேன். சிரிப்பு வந்தது.

டாக்டரிடம் சொன்னோம். என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பாலிலும் கால்சியம் மாத்திரையிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து கூடவே இருந்தால் குடல் இரும்பைச் சரியாக எடுத்துக்கொள்ளாது, எலுமிச்சை இருந்தால் கூடுதலாக எடுக்கும் என்றார். தனித்தனியாகப் போடும்படி தானே சொல்லியிருக்க வேண்டும் என்றும் வருத்தப்பட்டார். குடல் எடுக்காத இரும்பு எங்கே போகும் என்று கேட்டேன். வெளிக்குப் போவது கறுப்பாக இல்லையா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் புரிந்தது.

அக்கா விடவில்லை. "அப்ப வெத்தலைக்குத் தடவுத சுண்ணாம்பும் கெடுக்குமா?"

டாக்டர் யோசித்தார். அது தனக்குத் தெரியவில்லை என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அக்கா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவாமல் பாக்கோடு மடித்து வாயில் போட்டாள். சப்பென்று இருக்கிறது என்றாள். ஆனாலும் துப்பவில்லை.