நான் பார்க்காமல் எழுதிய கோயில்

மதியம் மணி பன்னிரண்டு பத்து. முதலில் கண்ணில் பட்டது பூட்டு. உள்ளங்கை அகலத்தில், எண்ணெய் போட்டுத் துடைத்த பூட்டு. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் கதவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி பூட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்படிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. இந்த நேரத்தில் இந்தக் கோயில் திறந்திருக்கும் என்று ஊருக்கே சொன்னவன் நான்தான்.

அப்போது தாம்பரத்திலிருந்து வெளிவந்த ஓர் இலவச வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். எட்டுப் பக்கம், அதில் நாலு பக்கம் வீடு, மனை விளம்பரம். சனிக்கிழமை காலையில் சேலையூர் முதல் பெருங்களத்தூர் வரை வீட்டு வாசல்களில் வந்து விழும். குறைந்த செலவில் ஒரு நாள் பயணம் போய்வருவது எப்படி என்று வாராவாரம் ஒரு கட்டுரை எழுதுவது என் பொறுப்பு. காலையில் தாம்பரத்தில் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். ரயில் அல்லது சாதாரண பஸ். சாப்பாடு கையோடு. கட்டணம் வாங்காத இடங்கள். குன்றத்தூர் மலைக்கு நேரில் போய்ப் படிகளை எண்ணி எழுதினேன். கோவளத்துக்குப் போய், படகுகள் எத்தனை மணிக்குக் கரைக்கு வருகின்றன, மீன் எப்போது விலை இறங்கும் என்பதுவரை எழுதினேன். காஞ்சிபுரம் எழுத வேண்டிய வாரம் காய்ச்சல் வந்துவிட்டது. ரயில் நேரத்தை அட்டவணையில் பார்த்தேன். மீதியை அலுவலக அலமாரியில் இருந்த பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன்.

தவறு நடந்த இடம் இது. காஞ்சிபுரத்தின் பெரிய கோயில்களில் மதியம் நடை சாத்தினால், நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள். ஒரு நாள் பயணமாக வருபவர்களுக்கு அந்த நேரம் வீண். கைலாசநாதர் கோயிலோ தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மாமல்லபுரமும் அப்படித்தான், அங்கே பகல் முழுக்கப் பார்க்கலாம். ஆகவே இங்கேயும் பார்க்கலாம் என்று நானே முடிவு செய்தேன். மற்ற கோயில்கள் மூடியிருக்கும் மதிய நேரத்தைக் கைலாசநாதருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தனியாக ஒரு பெட்டிச் செய்தியும் போட்டேன். நான் கிறிஸ்தவன். நடை சாத்துவது எனக்கு ஒரு தகவல்; வளர்ந்த பழக்கம் அல்ல. கோயிலுக்குப் போய் வளர்ந்த யாராவது அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால், அந்தப் பெட்டிக்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் பார்த்தவனும் நானே.

சனிக்கிழமை இதழைப் பார்த்த என் மனைவி, ஊருக்கெல்லாம் வழி சொல்கிற மனிதர் தன்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனது உண்டா என்று கேட்டாள். அவள் பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள். மறுநாள் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினோம்.

அந்தப் பயணம் இன்னும் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. செங்கல்பட்டில் பெட்டி பாதி காலியானது. அதற்குப் பிறகு பாலாறு அவ்வப்போது ஜன்னலில் வந்து போனது. தண்ணீரைவிட மணல் அதிகம். பழையசீவரத்தில் கொய்யாக் கூடையோடு ஏறிய ஓர் அம்மா, வாலாஜாபாத்துக்குள் பாதிக் கூடையை விற்றுவிட்டார். ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்தில் தூண்களுக்கு நடுவே வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. என் மனைவி அந்தக் கட்டங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அதுவரை என் கட்டுரை ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

பூட்டுக்கு முன்னால், எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் நின்றிருந்தது. இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர், அவர் மனைவி, இளைஞரின் தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம் இளைஞர் ஒரு காகிதத்தை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் இதழின் ஐந்தாம் பக்கம். என் கட்டுரையை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தார்.

"இன்னாண்ணா இப்படி சொல்றீங்க? பேப்பர்லயே போட்டுக்கீது, நாள் பூரா தொறந்திருக்கும்னு."

காவலாளி அதை வாங்கிக் கையை நீட்டி வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதை எழுதினவனைக் கூட்டிட்டு வா. அவனே வந்து தொறக்கட்டும்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடினாள், அடங்கவில்லை. "வந்துட்டார்ங்க. இதோ நிக்கிறார்" என்றாள்.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். இளைஞர் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, "சார் நீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பேச்சில் விவரம் தெரிந்தது. அவர் பீர்க்கன்கரணைக்காரர், ஏசி மெக்கானிக். மதியம் கோயிலைச் சாத்திவிடுவார்கள் என்று அவர் மனைவி ரயிலில் வரும்போதே சொல்லியிருக்கிறார். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வழக்கம் அது. இவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"பேப்பர்காரங்க விசாரிக்காமயா போடுவாங்கன்னு இவகிட்ட சண்டையே போட்டேன் சார்" என்றார்.

போனில் தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இருவரிடமும் போன் இருந்தது. பேப்பரில் இருந்ததால் தேடவில்லை. அவர் கையில் இருந்த கட்டுரையில் ரயில் நேரம், ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பால்பாயின்ட் பேனாவில் ஒரு டிக் இருந்தது. கடைசி வரிக்கு மட்டும் இல்லை.

நாலு மணிவரை இருங்களேன் என்றேன். அது முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவருக்குக் குவைத் விமானம். இரண்டு வருட ஒப்பந்தம். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கொடுக்க ஏஜென்ட் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெருங்களத்தூர் வருகிறார். இங்கிருந்து இரண்டு மணிக்குள் பஸ் ஏறியாக வேண்டும். நாலு மணிக்குப் பார்த்துவிட்டுக் கார் வைத்துக்கொண்டு போனாலும் ஐந்துக்குள் போய்ச் சேர முடியாது. ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். கேட்டார். அஞ்சுன்னா அஞ்சுதான், அடுத்து ஆறு பேரைப் பார்க்கணும் என்று ஏஜென்ட் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நான் காவலாளியிடம் போனேன். சாவி குருக்களிடம் இருக்கிறது, குருக்கள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்.

இந்தக் கோயில்தான் என்று வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தப் பெண் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியில் காஞ்சிபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்களாம். வீட்டில் பணம் கட்டவில்லை. மறுநாள் வகுப்பு முழுக்க இந்தக் கோயிலைப் பற்றியே பேசியதாம். கல்யாணமான புதிதில் அதைக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கண்டிப்பாகக் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொல்லி நாலு வருடம் ஆகிவிட்டது. கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, கைக்கு மீறாத செலவில் ஒரு வழி வீட்டு வாசலில் வந்து விழுந்திருக்கிறது.

இளைஞர் தன் மனைவியிடம், நீயும் பாப்பாவும் இருந்து பார்த்துவிட்டு இவர்களோடு ரயிலில் வந்துவிடுங்கள் என்றார். என் மனைவியும், நாங்கள் பத்திரமாக வீட்டில் விடுகிறோம் என்றாள்.

"நீங்க இல்லாம உள்ள போய் நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றார் அந்தப் பெண். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு மணிவரை நேரம் இருந்தது. வெளியே புல்தரையில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். அவர்களிடம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். எங்களிடம் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். குழந்தை அவர்கள் சாப்பாட்டைத் தொடாமல் எங்கள் சப்பாத்தியைத் தின்றது. வீட்டில் இப்படி ஒரு நாளும் சாப்பிட்டதில்லை என்று அதன் அம்மா குறைபட்டார். அங்கிருந்து மதிலின் மேல் விளிம்பும், வாசலில் வரிசையாக இருந்த சின்னச் சின்ன சன்னதிகளும், தள்ளி ஒரு மேடையில் படுத்திருந்த நந்தியும் தெரிந்தன. குவைத்தில் வெயிலுக்குப் பயமில்லை, ஏசிக்கு நடுவிலேயேதான் வேலை என்று இளைஞர் சொன்னார். மொட்டை மாடியில் நின்று வெளிமெஷினைக் கழற்றுவது யாராம் என்று அவர் மனைவி கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு யாருக்கும் பூட்டு நினைவில் இல்லை.

அப்போது அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"உள்ள எப்படி சார் இருக்கும்? சுத்தி நிறைய சன்னதி, செவுத்துல பழைய காலத்துப் பெயின்டிங்னு எழுதியிருந்தீங்களே. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. கேட்டுக்கினு போறேன்."

வாக்கியங்கள் என்னிடம் தயாராக இருந்தன. பல்லவர் காலம், மணற்கல், சுற்று மதிலை ஒட்டி ஐம்பத்தெட்டு சன்னதிகள். நடுவில் நிறுத்தாமல் பத்து நிமிடம் பேசியிருக்க முடியும். என் மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் உள்ள போனதில்லைம்மா. புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்" என்றேன்.

குழந்தை தண்ணீர் பாட்டில் மூடியில் புல்லைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். இளைஞர்தான் முதலில் சிரித்தார்.

"அப்ப நீங்களும் எங்க கேசுதான் சார்."

ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினார்கள். பெண்கள் இருவரும் போன் எண்களை வாங்கிக்கொண்டார்கள். இளைஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பெண் கத்தரித்த கட்டுரையை மடித்து என்னிடம் கொடுத்தார். "அடுத்த வாரம் நேரத்தை மாத்திப் போட்டுடுங்க சார். யாராவது கைக்குழந்தையைத் தூக்கினு வந்து நின்னுடப் போறாங்க" என்றார். தெரு முனைவரை நடந்து, ஷேர் ஆட்டோ ஏறிப் போனார்கள்.

நாங்கள் இருந்தோம். நாலு மணி ஐந்து நிமிடத்துக்குக் குருக்கள் வந்து திறந்தார். உள்ளே போய் முதலில் சன்னதிகளை எண்ணினேன். ஐம்பத்தெட்டு. சில மாடங்களின் உள்சுவரில் பழைய வண்ணம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. ஒன்றில் ஒரு கண்ணும் கன்னத்தின் ஓரமும் மட்டும் மிச்சம். மணற்கல் அந்த வெயிலில் வெல்ல நிறத்தில் இருந்தது. நான் எழுதியதில் நேரத்தைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

என் மனைவி அந்தப் பெண்ணுக்காக நாற்பது படங்கள் எடுத்தாள். திரும்பும்போது வாலாஜாபாத்தில் ரயில் நின்ற நேரத்தில் எல்லாவற்றையும் அனுப்பினாள். இரவு ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டதாம். படங்களைக் கணவர் பார்க்க மாட்டேன் என்றாராம். திரும்பி வந்து இருவரும் சேர்ந்து நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அதனால் தானும் திறக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக எழுதி, தப்பா எடுத்துக்காதீங்க அக்கா என்று முடித்திருந்தார்.

மறுவாரம் திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், மனை விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரி. முன் பக்கத்தில் போடக் கேட்டேன். இடமில்லை என்றார் ஆசிரியர். அதன் பிறகு அந்தப் பயணப் பகுதியில் நான் போகாத ஊரை எழுதவில்லை. காய்ச்சல் வந்த வாரங்களில் பகுதி வரவில்லை. மூன்று வருடத்தில் இதழும் நின்றுவிட்டது. வாசலில் அது வந்து விழும் சத்தம் கேட்காத சனிக்கிழமைகள் இப்போது பழகிவிட்டன. அந்த வேலையில் நான் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பால்பாயின்ட் டிக் போட்டது. மனைவி சொன்னதை ஒதுக்கிவைத்துவிட்டு என் வரியை நம்பிய ஒருவரை நேரில் பார்த்த பிறகு, ஒரு சின்ன அறிவிப்பை எழுதும்போதுகூட யாரோ ஒருவர் அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெண்ணை என் மனைவி பெருங்களத்தூர் மார்க்கெட்டில் அடிக்கடி பார்ப்பாள். குழந்தை இப்போது ஐந்தாவது படிக்கிறது. கணவருடைய முதல் விடுமுறை கொரோனாவில் போய்விட்டது. அடுத்த விடுமுறைக்கு வந்த நாற்பது நாளும் தங்கையின் கல்யாண வேலையில் தீர்ந்தன. நாம் ஒருநாள் போய்வரலாமே என்று என் மனைவி இரண்டு மூன்று முறை கூப்பிட்டாள். அவர் வரட்டும் அக்கா என்றே பதில்.

போன மாதம் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள்.