மூலம்: சிங்களம்

அந்த இணையத்தளத்தோட தலைமை ஆளை நான் நேர்ல பாத்ததே இல்ல. பாத்திருந்தா மூஞ்சிக்கு நேரா நல்லா கேட்டிருப்பேன். ரெண்டாயிரத்து ஏழு, எட்டு இருக்கும். தெஹியோவிட்ட பஸார்ல ஒரு கொமினிகேஷன் கடையில வேல பாத்தேன். போட்டோ கொப்பி அடிக்கிறது, வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் குடுக்கிறது, மூலையில இருந்த ரெண்டு கம்ப்யூட்டரப் பாத்துக்கிறது. மத்தியானத்துக்குப் பொறகு ஈ ஓட்டணும். அப்படி ஈ ஓட்டுன நேரத்துலதான் தமிழ்ல கதை, கவிதை எழுதுறவங்க சேந்து நடத்துற அந்தத் தளம் கண்ணுல பட்டுச்சு.

மொதல்ல வாசிச்சேன். பொறகு ரெண்டு கவிதை போட்டேன், ஒருத்தரும் சீண்டல. ஆனா மத்தவங்க எழுதுனது எந்தப் பகுதிக்குப் போகணும்னு நான் கீழ கருத்துப் பெட்டியில சண்ட புடிச்சதப் பாத்துட்டு, தலைமை எனக்குக் கடிதம் போட்டாரு: "சகோதரி, வகைப்படுத்தும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளலாமே." சம்பளம் கிடையாது. பேருக்குக் கீழ பச்சையில 'தொகுப்பாளர்'னு ஒரு பட்டை வரும். அந்தப் பட்டைக்கு நான் விழுந்துட்டேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்து, ஓ.எல். பரீட்சையோட படிப்பு நின்னு போனவ நான். டாக்டரு, லெச்சரருன்னு பேருக்கு முன்னால போட்டுக்கிட்டவங்க எழுதுனதத் தூக்கி, "இது கட்டுரை இல்ல, நாட்குறிப்பு"ன்னு வேற பெட்டியில போடுறப்ப எனக்கு என்னமா இருந்துச்சு தெரியுமா?

வேல இதுதான். உறுப்பினருங்க அனுப்புறதெல்லாம் வரவுப் பெட்டியில வந்து விழும். ஒவ்வொண்ணையும் வாசிச்சு மூணு குறி போடணும். வகை, கதையா கவிதையா கட்டுரையான்னு. களம், எந்த ஊர்ப் பக்கத்துச் சங்கதின்னு. மூலம், சொந்தமா மொழிபெயர்ப்பான்னு. மூணும் போட்டாத்தான் தளத்துல தெரியும். இந்தச் சனம் இருக்கே, சாமி! எட்டு வரியில அம்மாவப் பத்தி எழுதிட்டு 'காவியம்'னு தானே குறி போட்டு அனுப்பும். ஒருத்தரு ஒரே கவிதைய மடக்கி மடக்கி ஆறு தடவ அனுப்புனாரு. எடுத்து வேற எடத்துல வச்சா, உனக்கு என்ன தகுதின்னு கேட்டு அதுக்கும் ஒரு கவிதை வரும்.

எல்லாத்தவிட எரிச்சல், தமிழ இங்கிலீஷ் எழுத்துல தட்டி அனுப்புற கூட்டம். அதுகள உக்காந்து தமிழ் எழுத்துக்கு மாத்தி மாத்தி என் வெரலு தேஞ்சுச்சு. அதுகளுக்குத் தமிழ் எழுத்து தெரியும், தட்டத்தான் சோம்பேறித்தனம். ஒரு நாள் பத்திக்கிட்டு வந்துச்சு. இங்கிலீஷ் எழுத்துல அனுப்புனா மொழிபெயர்ப்புப் பகுதியில போயி விழட்டும்னு நெனச்சேன். விதிப் பக்கத்துக்கு நானே ஒரு வரி எழுதி அனுப்புனேன்: "படைப்பு எந்த மொழியின் எழுத்தில் எழுதப்பட்டதோ அந்த மொழியே அதன் மூலம்." தலைமைக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. அன்னைக்கே சேத்துட்டாரு. நானும் பெருமையில மெதந்தேன். மடச்சி.

அதுக்கு மறு மாசம் ஒரு அக்கா கடைக்கு வந்தாங்க. எங்க தோட்டத்துக்கு அடுத்த டிவிசன்ல பால் வெட்டுறவங்க. வெள்ளன ரப்பர் மரத்துல வெட்டி, பாலக் கொண்டு போயி ஊத்திட்டு, குளிச்சு உடுத்திக்கிட்டு பஸாருக்கு வருவாங்க. ஒரு சீ.ஆர். கொப்பிய, தடிச்ச அட்ட போட்ட நோட்ட, மேசையில வச்சு, "தங்கச்சி, நீ கம்ப்யூட்டர்ல கதை போடுறியாமே, இதப் பாரேன்"னாங்க. தெறந்தா அத்தனையும் சிங்கள எழுத்து.

"அக்கா, இது சிங்களம்ல?"

"வாயால வாசிச்சுப் பாரு."

வாசிச்சேன். எழுத்துத்தான் சிங்களம், பேச்சு நம்ம லயத்துத் தமிழு. எங்க பக்கத்துல இது அதிசயம் இல்ல. தமிழ்ப் பள்ளிக்கூடம் கிட்ட இல்லாத தோட்டத்துல புள்ளைங்கள ரோட்டோரச் சிங்களப் பள்ளிக்கூடத்துல சேத்துருவாங்க. வாய் தமிழ் பேசும், கை சிங்களம் எழுதும். கோயில்ல தேவாரத்தக்கூட சிங்கள எழுத்துல எழுதி வச்சுப் பாடுறவங்க இருக்காங்க. அந்த அக்காவும் அப்படித்தான். தமிழ் எழுத்து ஒண்ணுகூட வாசிக்கத் தெரியாது.

கதை இதுதான். ஆறு வயசுப் புள்ளைக்குச் சிங்களப் பள்ளிக்கூடத்துல மொத நாளு. ஒண்ணுக்கு வருது. கேக்க ஒரு வார்த்த தெரியல. தமிழ்ல கேக்குது, டீச்சருக்கு வெளங்கல, சிரிச்சிட்டுத் தலையத் தடவிட்டுப் போயிறாங்க. புள்ள அடக்கி அடக்கிப் பாத்துட்டு உக்காந்திருந்த வாங்குலயே போயிருது. டீச்சர் திரும்பி வர்றப்ப, பக்கத்துல இருந்த சிங்களப் புள்ள தன்னோட தண்ணிப் போத்தலக் கவுத்துத் தரையெல்லாம் ஊத்திட்டு, எந்திரிச்சு நின்னு என்னமோ சொல்லுது. டீச்சர்கிட்ட அடி வாங்குது. அது என்ன சொல்லுச்சுன்னு, அந்தத் தமிழ்ப் புள்ளையா இருந்த அக்காவுக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் வெளங்குச்சாம். "என் தண்ணிதான் கொட்டிருச்சு டீச்சர்." அதோட கதை முடியுது. நான் கடையிலயே அழுதுட்டேன்.

"இத எதுக்குக்கா எழுதுனீங்க?"ன்னு கேட்டேன்.

சுத்தி வளைக்காமச் சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, நாத்தனா, தலவாக்கலைப் பக்கத்துல கட்டிக் குடுத்தவ, தமிழ்ல படிச்சவ. ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்து எறங்குவா. எறங்குனதுலேர்ந்து இவங்களுக்குப் பேரு 'சிங்களத்தி'. சோறு போடச் சொல்லணும்னாலும், "எங்க வீட்டுச் சிங்களத்தி எங்க?" புள்ளைங்களோட தமிழ்க் கொப்பிய எடுத்து, இவங்க முன்னால விரிச்சு, "ஒங்கம்மாவ வாசிக்கச் சொல்லு பாப்பம்"னு சிரிப்பா. வீட்டுக்காரரும் கூடச் சிரிப்பாரு. பதினாலு வருசமா இதே கூத்து.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணும் வேணாம். தமிழ்க் கதை, எழுதுனது இன்னாருன்னு என் பேரு வரணும். அத அவ வாயால ஒரே ஒரு தடவ வாசிக்கணும். அவ்வளவுதான்."

நாலு மத்தியானம் பக்கத்துல உக்காந்து அவங்க வாசிச்சாங்க, நான் தட்டுனேன். ஒரு வார்த்த மாத்தல. 'ஒண்ணுக்கு'ன்றத 'சிறுநீர்'னு போடவான்னு கேட்டதுக்கு, "அப்படி யாருடி பேசுறா?"ன்னு தொடையில ஒரு அடி வச்சாங்க. வகைக்குச் சிறுகதை, களத்துக்கு ரப்பர் தோட்டம், மூலத்துக்குச் சொந்தம்னு குறி போட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். என் வாய்க்கொழுப்பு, குறிப்புப் பெட்டியில எழுதி வச்சேன்: "இவர் தமிழைச் சிங்கள எழுத்தில் எழுதுகிறார். கேட்டு, தமிழ் எழுத்தில் தட்டியது நான்." எல்லாரும் அதிசயப்படுவாங்கன்னு நெனச்சேன்.

மறுநாள் பாக்கிறேன், என் மூணாவது குறியக் காணோம். கதை மொழிபெயர்ப்புப் பகுதியில கெடக்கு. மேல பெருசா, 'மொழிபெயர்ப்பு. மூலம்: சிங்களம். தமிழில்:' அப்படின்னு போட்டு என் பேரு. அக்கா பேரு அதுக்குக் கீழ, பொடி எழுத்துல, மூல ஆசிரியர்னு.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. சிங்களத்துல ஒரு வார்த்த தெரியாமத் தவிச்ச புள்ளையோட கதைக்கு, மூலம் சிங்களமாம்! தலைமைக்கு எழுதுனேன், நல்லா காட்டமாத்தான் எழுதுனேன். ரெண்டு வரியில பதில் வந்துச்சு. "சகோதரி, விதி எல்லோருக்கும் ஒன்றே. அந்த விதியை எழுதியவரும் நீங்களே." நான் திரும்பவும் எழுதுனேன்: அது சோம்பேறிப் பயலுகளுக்காகச் சொன்ன விதி, இவங்களுக்கு வேற எழுத்தே தெரியாது, படிக்க வச்ச எடம் அப்படி. அதுக்கு அவரு, "தமிழ் எழுத்தே அறியாதவரைத் தமிழ் எழுத்தாளர் என்று எப்படி அடையாளப்படுத்துவது? நிலைமை புரிகிறது. ஆனால் விதிவிலக்குக் கோருபவர் தொகுப்பாளராக நீடிப்பது முறையல்ல" அப்படின்னாரு. 'நிலைமை புரிகிறது'ன்னு எழுதியிருக்கான் பாருங்க. வாயில நல்லா வருது. குளிர் தேசத்துல கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால உக்காந்துகிட்டு, எங்க தோட்டத்துக்காரிக்குத் தமிழ் இல்லன்னு எழுதுறான்.

சரி, அவன விடுங்க. நான் என்ன செஞ்சேன்? பட்டையக் கழட்டி அவன் மூஞ்சியில எறிஞ்சிட்டு வந்திருக்கணும். ஒரு நாள் பூரா யோசிச்சேன். அடுத்த நாள் வரவுப் பெட்டியத் தெறந்து மிச்ச கவிதைங்களுக்குக் குறி போட ஆரம்பிச்சேன். பச்சைப் பட்டை அப்படியே இருந்துச்சு.

அக்கா அந்த வாரமே வந்துட்டாங்க. ஸ்கிரீன்ல காட்டுனேன். "எது என் பேரு?"ன்னாங்க, தொட்டுக் காமிச்சேன். "மேல என்ன போட்டிருக்கு?"ன்னாங்க. "சிறுகதைன்னு போட்டிருக்குக்கா." வாய் கூசாமச் சொன்னேன். அவங்க அந்தப் பொடி எழுத்து மேல வெரல வச்சுத் தடவிப் பாத்தாங்க. அச்செடுத்துத் தரவான்னும் கேக்கல நான். நல்ல வேளையா அவங்களும் கேக்கல. யுத்தம் நடந்துக்கிட்டிருந்த நேரம், தமிழ்ல அச்சடிச்ச தாளப் பேக்ல வச்சிக்கிட்டு ஆமிக்காரன் செக்கிங்ல நிக்கிற காலமா அது?

ஆடித் திருவிழாவுக்கு நாத்தனா வந்துட்டா. அக்கா அவளக் கையோட கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, புதுச் சேலை, தலை நெறைய பூ. பின்னாலயே வீட்டுக்காரரு. "அக்கா, இன்டர்நெட் லைன் இல்லயே"ன்னேன். கடை முதலாளி உள்ளருந்து, "லைன் இருக்கே, இப்பத்தான நான் பாத்தேன்"னாரு. வேற வழியில்ல. அந்தப் பக்கத்தத் தெறந்தேன். கதைய நடுவுலருந்து காட்டலாம்னு கீழ எறக்குனேன். அக்கா விடல. "மேலருந்து காட்டு தங்கச்சி. பேருலருந்து வாசிக்கட்டும்."

நாத்தனா குனிஞ்சு, சத்தமா வாசிச்சா. "மொழிபெயர்ப்பு. மூலம், சிங்களம். தமிழில்..." அப்படின்னு என் பேர வாசிச்சிட்டு என்னைப் பாத்தா. பொறகு அக்காவப் பாத்தா. "அட, அதான பாத்தேன்! நீ சிங்களத்துல எழுதுனத இந்தப் புள்ளதான் தமிழாக்கிப் போட்டிருக்கு. கம்ப்யூட்டர்லயே எழுதிட்டான் பாருங்கண்ணே, ஒங்க பொண்டாட்டி சிங்களம்னு." வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. முதலாளியும் என்ன ஏதுன்னு தெரியாம ஒரு சிரிப்புச் சிரிச்சு வச்சாரு.

அக்கா அவங்க பக்கமே திரும்பல. என்னத்தான் பாத்தாங்க.

"சிறுகதைன்னு தான போட்டிருக்குன்னு சொன்ன?"

"அக்கா, அது அந்த ஆளு மாத்திட்டாரு, நான் சண்ட புடிச்சேன், விதி வந்து..."

"நீ சொன்னப்ப என்ன போட்டிருந்துச்சு?"

அவங்க கண்ணுல தண்ணி இல்ல. "எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னுதான அப்படிச் சொன்ன"ன்னாங்க. "இவ மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறா. நீ எனக்குப் பின்னால செஞ்சிருக்க." வந்த மாதிரியே ரோட்டக் கடந்து போயிட்டாங்க, நாத்தனா சிரிச்சிக்கிட்டே பின்னால போனா.

அன்னைக்குச் சாயங்காலம் நான் பட்டையத் தூக்கி எறிஞ்சேன்னு எழுத ஆசதான். எறியல. மறு வருசம் அந்தத் தளம் தானா மூடிக்கிட்டுப் போற வரைக்கும் குறி போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தத் தலைமை மேல எனக்கு இருக்கிற கோவத்துல பாதி என் மேல வர வேண்டியது.

பொறகு ரொம்ப நாளைக்கு அக்காவக் கண்ணுல காணல. ஒரு தடவ தெரணியகலை பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பக்கத்துலயே வந்து நின்னாங்க, கையில சாமான் பேக்கோட. நானே தைரியத்த வரவழச்சுக்கிட்டு, "அக்கா, சொகமா இருக்கீங்களா?"ன்னேன். திரும்பிப் பாத்தாங்க. மூஞ்சியில கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. தோட்டக் கந்தோர்ல, ஆபீஸ்ல இருக்கிற பொம்பளைங்களுக்குச் சொல்ற அதே மரியாதையோட, சிங்களத்துல, "வரதக் நே, நோனா"ன்னாங்க. ஒண்ணும் கொறையில்ல, அம்மணின்னு. சொல்லிட்டு, வந்த பஸ்ஸுல ஏறிக்கிட்டாங்க.