காக்கிச் சட்டை போட்ட கௌரி

மந்தாகினி பிசாள் பதினெட்டு வருஷமாகக் கராட் – டேபேவாடி தடத்தில் அரசு பஸ் கண்டக்டர். பாத்ரபத மாதத்தில் பிள்ளையார் வீட்டுக்கு வந்த சில நாளில், பிறந்த வீட்டுக்கு வரும் பெண்களாக மூத்தவள், இளையவள் என இரண்டு கௌரி அம்மன்கள் வந்து மூன்று நாள் தங்குவார்கள். அந்த நாட்களில் அவள் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஊரில் உள்ள மகள்களெல்லாம் மூட்டையும் குழந்தையுமாக அம்மா வீட்டுக்குப் போவார்கள். மந்தாகினியின் அம்மா வீடும் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில்தான். அங்கே பஸ் ஏழு நிமிஷம் நிற்கும். அம்மா டப்பாவோடு வருவாள்; இவள் படியில் நின்றபடியே ஒரு பூரண்போளியைத் தின்றுவிட்டு மணிக்கயிற்றை இழுப்பாள்.

போன வருஷம் வீட்டு அலங்காரத்தை அவள்தான் தீர்மானித்தாள். எதிர்வீட்டில் சந்திரனுக்குப் போன ராக்கெட், பக்கத்துத் தெருவில் ஓடும் அருவி என்று ஆளுக்கொன்று செய்யும்போது, நாம் ஒரு பஸ் செய்வோம் என்றாள். கணவன் ஹிந்துராவ் டிராக்டர் மெக்கானிக். அட்டைப்பெட்டிகளை ஒட்டிச் சிவப்படித்து, ஐந்தடி நீளத்தில் பஸ் ஒன்றை நிறுத்திவிட்டான். சதுர்த்தியன்று பிள்ளையார் டிரைவர் இடத்தில் அமர்ந்தார். கௌரிகள் வந்த அன்று, மூத்தவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். இளையவளுக்குப் பச்சைப் புடவைக்கு மேல் காக்கிச் சட்டை மாட்டி, தோளில் தோல்பையைத் தொங்கவிட்டாள் மந்தாகினி.

மாமியார் ஹௌசாபாய்க்கு முகம் சுருங்கிவிட்டது.

"கௌரிக்குக் காக்கியா? வந்தவ வாசலோட திரும்பிப் போயிடுவாடி."

"பெத்த புள்ளை வண்டி ஓட்டுறான், அவ எங்க போவா?" என்றான் ஹிந்துராவ்.

"நீ சும்மா இருடா. ஊரு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், ஆமா."

மறுநாள் பூஜை. அதிகாலை ஷிஃப்ட் முடிந்து மந்தாகினி இரண்டு மணிக்கு வீடு வந்தபோது, மஞ்சள் குங்குமத்துக்கு வந்த பெண்கள் பஸ்ஸைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கண்டக்டரம்மா, எனக்கொரு ஹாஃப் டிக்கெட் போடு!" என்றாள் ஒருத்தி. யாரும் குறை சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ஹௌசாபாயே, "அவங்கவங்க வேலையை அவங்கவங்க சாமி செய்றா, அதுல என்ன?" என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஹௌசாபாய் அட்டை பஸ் எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த மூத்தவ ஊர் வந்து இறங்கிடுவா. டிக்கெட் கொடுக்கிறவ எப்ப அம்மா வீட்டுக்குப் போவா?"

மந்தாகினி பூச்சரத்தைச் சரிசெய்தபடி, "அவ எங்க போறது அத்தை? வண்டி திரும்பணுமே," என்றாள்.

"மாத்து ஆளு கிடையாதா உங்க டிப்போல?"

"இருக்காங்க. நான்தான் கேட்டதில்ல."

"ஏன்?"

"நீங்க என்ன சொல்வீங்களோன்னு."

ஹௌசாபாய் மறைக்காமல் சொன்னாள்: "போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமும் அதான் சொல்லியிருப்பேன்." எழுந்து முந்தானையை உதறினாள். "நாளைக்குப் போ. இவங்களை வழியனுப்ப நான் இருக்கேன்."

சதானந்த் லோஹார் என்ற கண்டக்டர் போனிலேயே சரி என்றுவிட்டான். மறுநாள் தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறினாள் மந்தாகினி. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கிழவர் இறங்கியதும் தன்னையறியாமல் மணிக்கயிற்றை இழுத்துவிட்டாள்.

"அக்கா, கையை மடியில வைங்க. இன்னிக்கு வண்டி என்னுது," என்றான் சதானந்த். பஸ்ஸே சிரித்தது.

கடைசி நிறுத்தத்தில் அம்மா நின்றிருந்தாள். மகள் சீருடை இல்லாமல், நல்ல புடவையில், பையோடு இறங்குவதைக் கண்டதும் ஓடி வந்து பையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு? வீட்ல சண்டையா? வேலை போயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல ஆயி. சும்மா வந்தேன்."

"சும்மா யாருடி வருவா?"

வீடு போய்ச் சேரும்வரை அம்மா நம்பவில்லை. மந்தாகினி செல்போனில் பஸ் அலங்காரத்தின் படத்தைக் காட்டி, அத்தையே போகச் சொன்னதையும் சொன்ன பிறகுதான் சற்று அடங்கினாள். காக்கிச் சட்டைக் கௌரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மூஞ்சி அசந்து கெடக்கே. யாரு செஞ்சது?"

"வருஷா வருஷம் வைக்கிற அதே பித்தளை முகம்தான், ஆயி."

"அப்படியா? எனக்கென்னவோ அசந்த மாதிரி தெரியுது."

மந்தாகினி பூரண்போளி சாப்பிட்டாள், அம்மா இன்னொன்று வைத்ததையும் சாப்பிட்டாள். பிறகு கூடத்தில் வெறும் பாயில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கராடுக்குத் திரும்பும் நாலு மணி பஸ் வாசலைக் கடந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அம்மா அவளை எழுப்பவில்லை.