வக்கீல் வீட்டு மேசை

சூடான பாத்திரத்தை மேசை மேல் வைக்கிறவனுக்கு மோட்சமே கிடையாது என்பார் மலையாண்டி. அப்படி வைக்கிற புண்ணியவான்களால்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது என்பது வேறு விஷயம். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த அந்தக் காலத்தில், அன்னவாசலில் மரச்சாமானுக்கு மெருகு போட அவரை விட்டால் ஆள் இல்லை. காப்பி லோட்டா வைத்த வெள்ளை வளையமோ, தண்ணீர்ச் செம்பு வைத்த தடமோ, எதுவானாலும் சலித்த சாம்பலை எண்ணெயில் குழைத்துப் பூப்போலத் தேய்ப்பார். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டு இழுப்பார். கறை எங்கே இருந்தது என்று பிறகு அவருக்கே தெரியாது.

கைத்தொழில் தெரிந்து என்ன செய்ய? மகள் அமராவதிக்கு இடம் அமையவில்லை. முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வெறும் வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், போனவர்கள் போனவர்கள்தான். பெண்ணுக்கு என்ன குறை? மூக்கும் முழியுமாகக் கிளி மாதிரி இருந்தாள்.

அப்புறம் திருவரங்குளத்துப் பாத்திர வியாபாரி சிவசாமி, தன் மகனுக்குக் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அந்த நேரம் பார்த்து, வக்கீல் வீட்டு ஈட்டிமர மேசை மெருகுக்கு வந்து மலையாண்டி வீட்டில் கிடந்தது.

"அதத் தூக்கி நடு வீட்டுல போடுங்க" என்றாள் மனைவி காத்தாயி. "பாக்கவும் லெச்சணமா இருக்கும்."

"மெருகு இன்னும் காயல புள்ள. ஊரார் சாமான் வேற."

"மேசையக் கடிச்சா திங்கப் போறாங்க? செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போகப் போறாங்க."

பெண்ணைப் பெற்றவருக்கு வாய் ஏது? போட்டார்.

சிவசாமி தங்கமான மனுஷர். மனைவியோடு வந்தார், குற்றம் குறை பார்க்கவில்லை. "அடுப்படியில என்ன ஆத்தா மணக்குது?" என்று அமராவதியைக் கேட்டார். "நான் சுட்ட பணியாரந்தாங்க. கருகுனதை ஒளிச்சு வச்சிட்டேன்" என்றாள் அவள். அவர் மனைவி சிரித்துவிட்டாள். காரியம் பழம்தான் என்று மலையாண்டிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

காத்தாயி காப்பி கொண்டு வந்தாள். சிவசாமி ஒரு வாய் குடித்தார், நாக்கு சுட்டது, லோட்டாவை மேசை மேல் வைத்தார்.

காயாத அரக்கின் மேல் கொதிக்கிற லோட்டா! மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து எடுங்க என்று எந்தப் பெண் வீட்டுக்காரனால் சொல்ல முடியும்? மலையாண்டி மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். அந்த மகராசி காப்பி போதவில்லை என்று புரிந்துகொண்டு, சுடச்சுட இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். குடி கெட்டது போங்கள்.

"அருமையான மேசை. ஒங்களுதுங்களா?" என்றார் சிவசாமி.

"நம்ம வீட்டுலதானங்க கெடக்கு" என்று மென்று விழுங்கினார் மலையாண்டி.

சிவசாமி லோட்டாவை எடுத்தார். அப்பளம் மாதிரி வெள்ளை வளையம். "அடடா, எங்கையால இப்படி ஆயிப்போச்சே!"

"அது கெடக்குதுங்க, விடுங்க." இவர்கள் கிளம்பட்டும், நொடியில் எடுத்துவிடலாம் என்றுதான் மலையாண்டி நினைத்தார்.

"அதெப்படிங்க? நான் செஞ்சத நாந்தான் தொடைக்கணும். தாயி, கொஞ்சம் புளி கொண்டாம்மா."

செம்பும் பித்தளையும் விற்றே பிழைத்தவர். உலகத்துக் கறைக்கெல்லாம் புளிதான் மருந்து அவருக்கு. சம்மந்தி கேட்கும்போது காத்தாயி மறுப்பாளா? புளியைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டு வந்தாள். சிவசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்டா தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தார்.

"வேணாங்க... நான் பாத்துக்கிறேங்க..." மலையாண்டி சொன்னது, தேய்க்கிற மும்முரத்தில் சிவசாமி காதில் ஏறவில்லை. அரக்கு திட்டுத் திட்டாக உரிந்தது. புளித்தண்ணீர் வெறும் மரத்தில் இறங்கினால் கருத்துப் போகும். அது சாம்பலுக்கும் போகாது, சாமி வந்தாலும் போகாது. அந்த வக்கீல் நாலு பேரிடம் சொல்லித்தான் ஊரில் இவருக்கு வேலையே வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அய்யோ, கையை எடுங்க! அது வக்கீல் வீட்டு மேசைங்க!"

சிவசாமி புளியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, முகம்தான் வாடிப்போயிற்று.

"நான் கேட்டப்பவே சொல்லிருக்கலாமேங்க. நாங்க பொண்ணத்தான பாக்க வந்தோம், மேசையவா பாக்க வந்தோம்? இந்த அல்ப விசயத்தையே மறைச்சா, மத்தத எத நம்பிப் பேசுறது?"

கையைக் கழுவினார். தாம்பூலத் தட்டை இருவரும் தொடவில்லை. போய்விட்டார்கள்.

மலையாண்டி வாசல்வரை ஓடினார். கூப்பிட்டு என்ன சொல்வது? திரும்பி வந்து துணியை எடுத்து, ஊறிக்கிடந்த புளித்தண்ணீரை ஒற்றத் தொடங்கினார். காத்தாயி மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

அமராவதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேசைக்காக அம்புட்டுச் சத்தம் போட்டீங்களேப்பா. அவங்க எந்திரிச்சுப் போறப்ப, செத்த இருங்கன்னு எனக்காக ஒரு வார்த்தை வரலையே ஒங்க வாயில."

மலையாண்டி நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. ஒற்றுகிற கையை நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் ஈரம் மரத்துக்குள் இறங்கிவிடும்.