வெளிப்படிக்குப் பூ கேட்டோம்

எஸ்டிமேட் போடுவதுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. போன வாரம் போத்தனூரில் ஒரு வீட்டுக்கு மாடியில் அறை எடுக்க அளவு பார்க்கப் போயிருந்தேன். ஜன்னல், டைல்ஸ், பெயிண்ட் என்று எதைக் கேட்டாலும் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். "படி உள்ளீங்களா, வெளீங்களா?" என்று கேட்டதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதி எனக்கு நன்றாகப் பழக்கம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் இதே கேள்விக்கு ஒரு மாதம் பதில் கிடைக்காமல், கடைசியில் சாமியிடமே போய்க் கேட்டோம்.

துடியலூரில் எங்கள் வீட்டுக்கு அப்போது மாடி இல்லை. மொட்டைமாடியின் நான்கு மூலையிலும் துருப்பிடித்த கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் ஒரு காலத்தில் அறை எடுக்க உதவும் என்று விட்டுவைத்தவை. மேலே ஏற ஒரு இரும்பு ஏணிதான். அம்மா அந்தக் கம்பிகளில் கயிறு கட்டித் துணி காயப்போடுவாள். மோட்டார் கம்பெனியில் வைண்டிங் வேலை பார்த்த அப்பா, போனஸ் வந்தால் ஒருமுறை ஏணியேறிக் கம்பிகளைப் பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கி வந்துவிடுவார்.

அந்த வருடம் அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. "ஒரு வாரம் இருந்துட்டுப் போறனுங்ணா" என்று ஒரு பையோடு வந்தவள் மூன்று மாதமாகியும் போகவில்லை. எப்போது போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் அப்படிக் கேட்பது எங்கள் பக்கத்தில் வாசலில் நிறுத்தி அடிப்பதற்குச் சமம். ஆனால் அத்தைதான் ஒறம்பரைக்கு, அதாவது விருந்துக்கு, வந்தவள் மாதிரியே இருந்தாள். ஹாலில் என் பக்கத்தில் படுப்பாள், எல்லோருக்கும் முன்னால் எழுந்து பாயைச் சுருட்டிவிடுவாள். ஃபிரிட்ஜைத் திறப்பதற்குக்கூட அம்மா எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திறப்பாள். அத்தைக்குக் கூச்சம் அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தையிடம் எனக்குப் பிடித்தது அவள் போடுகிற முடிச்சு. தறியில் நூல் அறுந்தால் போடுகிற முடிச்சாம். கடுகளவுதான் இருக்கும், ஆனால் எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. கொத்தமல்லிக் கட்டிலிருந்து என் ஜடை நுனி வரை எல்லாவற்றுக்கும் அதையே போட்டாள். நான் ஒரு நூல்கண்டு முழுவதையும் பாழாக்கிப் பழகிப் பார்த்தேன். வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா சொன்னார். "மேல ஒரு ரூம் எடுத்துப்போடலாம். தங்கச்சியும் இவளும் படுத்துக்குவாங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேஸ்திரி வந்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "கண்ணு, சுவத்தோட ஒட்டிப் புடிச்சுக்குங்க" என்றார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அவர் 'ங்க' போட்டுத்தான் பேசினார். மொட்டைமாடியில் சாக்கட்டியால் கோடு போட்டு அறையை வரைந்தார். இல்லாத அறையின் செங்கலை ஒருவர் எண்ணிச் சொல்லமுடியும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு சுவருக்கு எத்தனை கல், கல் உடைந்துபோனால் என்ன செய்வது, ஜன்னல் வரும் இடத்துக் கல்லைக் கழித்தாயிற்றா என்று கேட்டுத் துளைத்தேன். "அதையுஞ் சேத்திக்கலாமுங்க" என்று எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் போன பிறகும் நான் அந்தச் சாக்கட்டிச் சுவரைத் தாண்டவில்லை. கதவுக்கு விட்ட இடத்தின் வழியாகத்தான் போனேன், வந்தேன்.

கீழே இறங்கியதும் மேஸ்திரி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிமெண்ட், மணல், ஜல்லி, கம்பி என்று வரிசையாக எழுதினார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

"படி எங்கீங்ணா வெக்கறது?"

"உள்ளதான்" என்றார் அப்பா.

"வெளிய வெச்சுக்கலாமுங்க" என்றாள் சமையலறையிலிருந்து அம்மா.

அங்கே பிடித்தது சனி. "கூடப் பொறந்தவள ரோட்டுப் பக்கமா ஏத்தி எறக்குனா ஊருல என்ன பேசுவாங்க?" என்பது அப்பாவின் கட்சி. "உள்ள வெச்சா ஹாலே போயிருமுங்க" என்பது அம்மாவின் கட்சி. எங்கள் வீட்டுச் சண்டையில் குரல் உயராது. 'ங்க' மட்டும் கூடிக்கொண்டே போகும். அம்மா அதோடு நிற்கவில்லை. மாடிக்குத் தனிப் பூட்டு போட்ட கதவு வேண்டும், மூலையில் ஒரு சின்ன அடுப்பு மேடை வேண்டும், தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று பட்டியலை நீட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே படி இருந்தால் நினைத்த நேரத்தில் நான் மேலே ஓடலாம். வெளியே படி, தனிப் பூட்டு, தனி அடுப்பு என்றால் அது வாடகைக்கு விடுகிற போர்ஷன் இல்லையா? போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டம்மா குழாயடியில் வைத்து, "நாத்தனாள நேக்கா மேல தாட்டி உடறா பாரு" என்று யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்தது. தாட்டிவிடுவது என்றால் அனுப்பிவைப்பது. அன்று சாயங்காலமே அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

"அத்தைய எதுக்கும்மா வெளிய அனுப்பற?"

"பெரியவங்க பேச்சு உனக்கெதுக்கு? போயிப் படி."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெங்காயத்தை நான் நம்பவில்லை. அம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன்.

செலவைப் பார்த்து முடிவு பண்ணிவிடலாம் என்று அப்பா இரண்டு எஸ்டிமேட் போடச் சொன்னார். உள்படி வைத்தால் தளத்தை உடைக்க வேண்டும், வெளிப்படி வைத்தால் கீழிருந்து தனியாக அஸ்திவாரம் எடுக்க வேண்டும். மேஸ்திரி இரண்டு தாளையும் நீட்டினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. "அண்ணன் சொல்றதும் நாயமுங்க, அக்கா சொல்றதும் நாயமுங்க" என்று எழுந்துகொண்டார். இந்தத் தொழிலில் நான் அவரைப் போல ஒரு கெட்டிக்காரரை இன்னும் பார்க்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் தலையைக் கொடுக்காமல் எஸ்டிமேட் போடுவது லேசான காரியமா?

அப்போதுதான் அப்பா, "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார். கல்யாணமோ கிணறோ, எங்கள் பக்கத்தில் முடிவு பண்ண முடியாத எதற்கும் இது உண்டு. ஒரு வெள்ளைப்பூ, ஒரு சிவப்புப்பூ, இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கேட்டதைச் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் குலசாமி கோவிலில் பொட்டலத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போவது வழக்கம். எடுக்கப் போகிற சின்னப் பிள்ளை நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் அப்பாவும் வண்டியில் போனோம். அம்மா மடியில் பூத்தட்டை வைத்துக்கொண்டு அத்தையோடு பஸ்ஸில் வந்தாள். "வெளிப்படி வெக்கலாமான்னு கேக்கறமுங்க" என்று அப்பா பூசாரியிடம் சொன்னார். பூசாரி சிரிக்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் தட்டில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். சிவப்பு வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லா வேண்டுதலையும் வேண்டிக்கொண்டேன். வாசனை வருகிறதா என்று மூக்கை நீட்டிப் பார்த்தேன், விபூதி வாசனைதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று பூசாரி கையில் இருந்தது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை கோவில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, சாமி சொல்லிருச்சு" என்றார் அப்பா. முகம் செத்துவிட்டது. எனக்குச் சாமி மேலேயே கோபம். இந்த அம்மன் எந்த எஸ்டிமேட்டைப் படித்துவிட்டு இப்படிச் சொன்னாள்?

பெரியவர்கள் கோவிலைச் சுற்றப் போனபோது மற்றப் பொட்டலம் தட்டிலேயே கிடந்தது. எனக்குத்தான் எதையும் திறந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராதே. எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. நூலைப் பல்லால் கடித்துத்தான் பிரித்தேன்.

உள்ளேயும் நந்தியாவட்டை.

இரண்டிலும் வெள்ளை என்றால் எதை எடுத்தாலும் வெளிப்படிதான். தட்டைக் கொண்டுவந்தது யார்? அம்மா. நேராக வண்டிக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவிடம் போய்க் கையை விரித்தேன்.

"ரெண்டுமே வெள்ளைப்பா. அம்மா சாமிய ஏமாத்திப்போட்டா."

அப்பா பூவை ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு அந்த நூலை எடுத்துக் கட்டைவிரலில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். காகிதம், பூ, நூல் எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத ஆருகிட்டயுஞ் சொல்லாத கண்ணு."

"அம்மாவக் கேக்கமாட்டீங்களா?"

"சாமி சொன்னதுதாங் கண்ணு. வண்டில ஏறு."

மறுநாளே மேஸ்திரியை வரச்சொல்லி, வெளிப்படி என்று அப்பாவே சொன்னார். "அந்த அடுப்பு மேடையையுஞ் சேத்துப்போடுங்க" என்றும் சொன்னார். நான் அவரை ஏமாளி என்று நினைத்தேன். அம்மாவைச் சாமி சும்மா விடாது என்று காத்திருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இதுதான் அது என்று பயந்தேன். காய்ச்சல் போனது, என் கோபம் போகவில்லை. நான் வளர்ந்து, படித்து, ஊராருக்கு எஸ்டிமேட் போடத் தொடங்கிய பிறகும் அது அடியில் கிடந்தது. ஒருநாள் வேறு எதற்கோ அம்மாவோடு வாய்த்தகராறு வந்தபோது வெளியே கொட்டிவிட்டேன்.

"நீதான ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைய வெச்சு அத்தைய மேல அனுப்புன."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டுமா வெள்ளை?" என்றாள். அவளுக்கு அது அன்றுதான் தெரியும். "நாம் பூவப் பறிச்சுக் குடுத்தேன், ஒரு வெள்ள, ஒரு செவப்பு. பொட்டலங் கட்டுனது உங்கத்தையல்லோ. அந்த முடிச்சு எனக்கு இன்னிவரைக்கும் போட வராது."

"அப்பறம் நீ எதுக்கும்மா அந்த மல்லுக்கட்டு கட்டுன?"

"அவளுக்குத் தனியா ஒரு கதவு வேணும்னு இருந்துச்சு. வாயத் தொறந்து அவ கேட்டா, என்ற ஊட்டுல உனக்கென்ன கொறைன்னு அவங்கண்ணன் ஒடஞ்சு போயிருவாரு. நாங் கேட்டா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு, அவ்வளவுதான."

"ஊரெல்லாம் உன்னையத்தான பேசுச்சு?"

"பேசுனாப் பேசுது" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இத்தனை வருடம் அவளைக் கள்ளி என்று நினைத்திருந்த எனக்கு அழுகையாக வந்தது.

அந்தப் படியில் அப்பா முதல்முதலாக ஏறிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பால் காய்ச்சிய மறுநாள். அத்தை மேலே தன் அடுப்பில் டீ போட்டிருந்தாள், வாசனை கீழே வரைக்கும் வந்தது. நான் இரண்டு இரண்டு படியாகத் தாவப் போனேன். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கீழ்ப்படியிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "வரலாமா அம்மணி?"

"வாங்கண்ணா" என்று மேலேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். சொந்த வீட்டில் எதற்கு இந்த மனுஷன் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.