கிரேஸ் டீச்சரின் படத்தை யார் திறப்பது?

படூரிலிருந்து டீச்சரின் மகள் ஷீலா போன் செய்தபோது நான் செங்கல்பட்டில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். "மாமா, அம்மா விடிகாலைல போய்ட்டாங்க" என்றாள். அழுகைக்கு முன்பே எனக்கு ஒரு கேள்வி வந்தது: டீச்சரோடு வேலை பார்த்த அந்தத் தலைமையாசிரியர் வருவாரா? அடக்கத்துக்கு அவர் மாலையோடு முதல் ஆளாக வந்து நின்றார். அதனால்தான் டீச்சரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரப் பள்ளியில் கிரேஸ் டீச்சர் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நானே படித்து, நானே எழுதப் பழகினேன். பத்திரிகையில் வந்த என் கதையைப் படித்துவிட்டு அவர் கடைக்கே வந்தார். "அண்ணே, பசங்களுக்கு நீங்க கதை சொல்லுங்க. அது எப்படி நிக்குதுன்னு நான் பிரிச்சுக் காட்டுறேன்." சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன்.

கதைமாந்தர், களம், சிக்கல், திருப்பம், முடிவு என்று பாடப்புத்தகம் அடுக்கியிருந்தது. டீச்சர் அதை மூடி வைத்துவிடுவார். "யாருக்கு இன்னா வேணும்? குறுக்க நிக்கிறது யாரு? இதச் சொல்லு, மிச்சம் தானா வரும்" என்பார். ஒரு நாள் கரையில் நடக்கும் மீன் ஏலத்தைக் கதையாகச் சொல்லச் சொன்னார். ஒருத்தி ஏலக்காரராகப் பேசினாள். ஒருவன் வஞ்சிர மீனாகவே பேசினான்.

"டேய், மீனுக்கு அதோட வெல தெரியுமாடா?" என்று வகுப்பு சிரித்தது.

"தெரியாது. மீனு சொல்ற கதைன்னா, மீனுக்குத் தெரிஞ்சது மட்டுந்தான் வரணும்" என்றார் டீச்சர். பார்வைக் கோணத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறை பூட்டியே கிடக்கும். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் திறக்கும். சாவி தலைமையாசிரியரின் சட்டைப்பையில். பிள்ளைகள் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆண்டு விழாவுக்குக் கதைப் போட்டி வைத்தார்கள். பெயரையும் இடத்தையும் மாற்றிவிட்டால் அது கற்பனை என்று பிள்ளைகள் நம்பினார்கள். தேவி என்ற மாணவி அரண்மனைக் கதை எழுதினாள். அதில் ராஜா பெண்களின் கழிப்பறையைப் பூட்டி, சாவியால் காது குடைவார். நடுவர் தலைமையாசிரியரேதான். தன்னை அடையாளம் தெரியாமல் அதற்கு முதல் பரிசு கொடுத்தார். மேடையில் தானே வாசிக்கவும் செய்தார், சாவியால் காதைக் குடைந்தபடி.

முன்வரிசையில் ஒரு மீன்காரம்மா எழுந்தார். "இன்னா சார், ஒன் கதைய நீயே படிச்சிக்கினு கீற!"

பந்தலே குலுங்கியது.

மறுநாள் கழிப்பறை திறந்தது. டீச்சர், பிள்ளைகளைத் தூண்டிவிட்டதாகத் தலைமையாசிரியர் கொடுத்த புகாரில், அதே நிர்வாகத்தின் வேறு பள்ளிக்கு, அச்சரப்பாக்கம் பக்கம் அனுப்பப்பட்டார். ஓய்வு பெறும்வரை பஸ் மாறி மாறிப் போய்வந்தார். "அங்கயும் பசங்க கீறாங்களே அண்ணே" என்பதோடு முடித்துக்கொண்டார். நான் முடித்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் எதிரே வந்தால் இன்றுவரை நான் வணக்கம் வைத்ததில்லை.

போன ஞாயிறு நினைவுக் கூட்டம். படத்தைத் திறந்துவைக்க, பழைய ஆசிரியர்கள் சிலர் அந்தத் தலைமையாசிரியரையே அழைத்திருந்தார்கள். "எனக்குத் தங்கச்சி மாதிரி" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து மேடையேறிப் படத்துக்கு முன்னால் நின்றேன்.

"பெருசு, எறங்குப்பா. இங்க வந்து இன்னா தகராறு?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"விட்டுருங்க மாமா. அம்மா இருந்தா விட்டிருப்பாங்க" என்றாள் ஷீலா.

"விட்டிருப்பாங்கம்மா. இப்ப நான்தான கீறேன்?" என்றேன். பிறகு அவரிடம், "டீச்சர எதுக்கு மாத்துனாங்கன்னு மைக்குல சொல்லு சார். சொல்லிட்டு நீயே தொற."

அவர் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கிப் போனார். கூட்டம் முழுவதும் அவர் முதுகைப் பார்த்தது. எனக்கு அது இனித்தது. ஷீலா என் முகத்தைப் பார்க்காமல் திரையை விலக்கினாள். அவள் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

என் கதைகளில் டீச்சர் சொன்ன குறை ஒன்றுதான். "அண்ணே, ஒங்க வில்லனுக்கும் ஒரு பயம் இருக்கும். அதையும் எழுதுங்க. அப்பத்தான் அவன் மனுசன்." அன்று படியிறங்கும்போது அந்த மனிதரின் கால் தடுமாறியது, பிடித்துக்கொள்ளக் கை எதையோ தேடியது. நான் பார்த்தேன். எழுதத் தெரிந்தவனுக்கு நல்ல இடம் அது. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பாடத்தைத்தான். வேறு எந்த வில்லனுக்கும் அந்தப் பயத்தைத் தருவேன். அவருக்குத் தரமாட்டேன்.