தனக்கோடியின் மண் தலை

உர்சுலா பதினான்கு வயதில் உளி பிடித்தவர். ஜெர்மனியில் அவருடைய தகப்பனார் கல்லறைக் கல் செதுக்குபவர். புகைப்படத்தைப் பார்த்து இறந்தவர்களின் முகத்தைக் கல்லில் எடுப்பது மகளின் வேலை. 1981இல் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்குக் கலை ஆசிரியையாக வந்தபோது, இனி உயிருள்ள முகங்களை மட்டுமே செய்வது என்று முடிவு செய்திருந்தார்.

முதல் ஆறு வருடம் பிள்ளைகளோடு மண் பிசைந்ததிலேயே போயிற்று. ஏரி மண்ணை இரண்டு முறை சலித்து, ஒரு வாரம் ஊறவைத்து, காற்றுக் குமிழி போகும்வரை அடிக்க வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் திரும்ப அடிக்கச் சொல்வார்.

1987இல் பள்ளி வாட்ச்மேன் தனக்கோடி, உர்சுலா மண்ணில் தன் தலையைச் செய்வதற்காக முக்காலியில் உட்கார்ந்தார். தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம், இரண்டு மாதம்.

“மூக்கு கொஞ்சம் பெருசா கீதே மேடம். வூட்ல பாத்தா வேற ஆளுன்னு தொரத்திடுவா.”

“உங்க மூக்குதான். ஆடாதீங்க.”

நகரத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அந்தத் தலையை அனுப்புவதாக உர்சுலா எழுதிவிட்டார். சுடுவதற்கு முன் மெல்ல உலரட்டும் என்று ஈரத்துணி போர்த்தி வைத்திருந்தார். அந்த வாரம் தனக்கோடிக்கு மஞ்சள் காமாலை கண்டது.

லீவு சொல்ல வந்த அவர் மனைவி கிளியம்மாள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

“இன்னா மேடம் இது? செத்தவங்களுக்குத்தான சிலை வெப்பாங்க? உசுரோட கீற மனுசனுக்கு வெப்பாங்களா? அதான் அவரு படுத்துக்கினு கீறாரு!”

“காமாலை தண்ணியால வருது, கிளியம்மா.”

“அதெல்லாம் படிச்சவங்களுக்கு. எனுக்கு பயமா கீது. கலைச்சிடு மேடம்.”

தன் கையால் செய்ததில் பொய் கலக்காத முகம் அது ஒன்றுதான் என்று உர்சுலாவுக்குத் தெரியும். சூளையில் ஏற்றிவிட்டால் பிறகு யாராலும் கலைக்க முடியாது. ஆனால் காமாலை இறங்கும்வரை இந்தப் பெண் புருஷனைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தலையைத்தான் நினைப்பாள்.

வாளியில் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்த கிளியம்மாள் கிட்டே வரவில்லை.

“நீயே பண்ணு மேடம். அவரு மூஞ்சியாச்சே.”

உர்சுலா பிடரியிலிருந்து கரைக்கத் தொடங்கினார். முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

அனுப்ப ஒன்றுமில்லை என்று கண்காட்சிக்கு ஒரே வரியில் எழுதினார்.

ஐந்து வாரம் கழித்து, இளைத்துப்போய், தனக்கோடி வேலைக்கு வந்தார். நேராகக் கலை அறைக்குப் போனார்.

“கலைச்சிட்டீங்களாமே. ரெண்டு மாசம் குந்திக்கினு இருந்தது நானு. அவ சொன்னா சரி. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா மேடம்?”

உர்சுலா கையைத் துடைத்துக்கொண்டார்.

“இல்ல. கேக்கல” என்றார்.